திருத்துறதோ, மாத்துறதோ: ஒரு கிற்றாரின் கேள்விக்கு வரலாற்றில ஒரு பதில்

யாழ்ப்பாணத்தில எலெக்ரிக் கிற்றார் வாசிக்கிற ஆரும் ஒரு கட்டத்தில இந்தக் கேள்விக்கு முன்னால வந்து நிக்க வேண்டியிருக்கும். கையில இருக்கிறது மலிவான கிற்றார். வொல்யூம் குமிழைத் திருகினால் கரகரக்கும். அம்ப்பில குத்தினால் வாசிக்காமலே இரையும். மேல் கட்டைகளில சுருதி சேராது. உள்ளுக்கிருக்கிற பாகங்களை மாத்தி இதையே வைச்சிருக்கிறதோ, இல்லாட்டி வித்துப்போட்டுப் புதுசு வாங்கிறதோ?

எங்கட குழுவுக்கும் இப்ப இதே பிரச்சினைதான். ஐந்து பேருக்கு ஒரு கிற்றார், அதுவும் கைமாறி வந்தது. சேர்த்து வைச்சிருக்கிற காசு புதுசுக்குப் பாதி கூடக் காணாது, திருத்திறதுக்கு வேணுமெண்டால் காணும். இதால குழு இரண்டு கட்சியாப் பிரிஞ்சு போச்சு. கலைப்பீடத்தில வரலாறு படிக்கிற ஆக்கள் எண்டபடியால், இந்தக் கேள்வியை எங்களுக்கு முதல் ஆர் ஆர் கேட்டிருக்கினம், என்ன முடிவெடுத்தவை எண்டு பார்த்தோம். கேள்வி கிற்றாரை விடப் பழசு எண்டது அப்பதான் விளங்கினது.

ரேடியோ திருத்தினவர் செய்த கிற்றார்

முதலில் கிற்றாரின் பக்கம் நிண்டு பார்ப்போம். இண்டைக்கு உலகத்தில கூடுதலாப் பிரதி செய்யப்படுகிற எலெக்ரிக் கிற்றார்களை உருவாக்கிய லியோ பெண்டருக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. அவர் கலிபோர்னியாவின் புல்லர்ரன் நகரத்தில ரேடியோ திருத்துகிற கடை வைச்சிருந்தவர். 1938இல் தொடங்கிய கடை அது. பழுதான பெட்டி ஒண்டைத் திறந்தால் எந்தப் பாகத்தைக் கழட்டி எதைப் போடலாம் எண்டு பார்க்கிற கண் அவருக்கு. 1950இல் அவர் விற்பனைக்குக் கொண்டு வந்த கிற்றாரிலும், 1954இல் வந்த ஸ்ராற்றோகாஸ்ரரிலும் அந்தக் கண்தான் தெரியும். அதுக்கு முந்தின நல்ல கிற்றார்களின் கழுத்து உடம்போட பசை வைச்சு ஒட்டப்பட்டது. பெண்டர் நாலு ஸ்க்ரூ ஆணி போட்டுப் பூட்டினார். கழுத்து கெட்டால் கழுத்தை மட்டும் மாத்தலாம்.

உள்ளுக்கிருக்கிற மின்சுற்றும் அப்படித்தான். ஸ்ராற்றோகாஸ்ரரின் மூடியைக் கழட்டிப் பார்த்தால் மூன்று பிக்கப், ஒரு சுவிட்ச், மூன்று குமிழ், ஒரு கப்பாசிற்றர், கொஞ்ச வயர். ஒரு சின்ன ட்ரான்சிஸ்ரர் ரேடியோவுக்குள்ள இதை விடக் கனக்க இருக்கு. பிக்கப் எண்டது காந்தத்தைச் சுத்தி மயிரை விட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றின ஒரு சுருள். உருக்குத் தந்தி அதுக்கு மேல அதிரும்போது சுருளில சிறிய மின்னோட்டம் பிறக்கும். அந்தச் சுருள் தந்தியின் அதிர்வை மட்டும் பிடிக்காது, சுத்தவர இருக்கிற மின்கம்பிகளின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலையும் பிடிக்கும். கிப்சன் கம்பனியில வேலை செய்த சேத் லவர் 1955இல் இரண்டு சுருளை எதிரெதிராகச் சேர்த்து இரைச்சலை இரைச்சலாலேயே அழிக்கிற பிக்கப்பை உருவாக்கினார். அதுதான் ஹம்பக்கர்.

இந்த வசதியைப் பாவிச்சு வாசிப்பவர்கள் செய்த வேலைகள் தனிக்கதை. எரிக் கிளாப்ரன் 1970இல் பழைய ஸ்ராற்றோகாஸ்ரர்கள் சிலதை வாங்கி, நண்பர்களுக்குக் கொடுத்தது போக மிச்சம் மூன்றையும் கழட்டி, நல்ல பாகங்களைச் சேர்த்து ஒண்டாக்கினார். ‘பிளாக்கி’ எண்டு பேர் வைச்ச அந்தக் கிற்றார் 2004இல் 9,59,500 டொலருக்கு ஏலம் போனது. எடி வான் ஹேலன் மலிவான ஒரு உடம்பில கிப்சனின் ஹம்பக்கரைப் பூட்டித் தனக்கான சத்தத்தைக் கண்டுபிடிச்சார். எங்கட தோட்டக்காரரிட்டை இது புதினமே இல்லை. பிடியை நாலு தரமும் அலகை இரண்டு தரமும் மாத்தின மண்வெட்டியை இண்டைக்கும் ‘அப்பற்றை மண்வெட்டி’ எண்டுதான் சொல்லுவினம்.

மெழுகில நிக்கிற மெட்டு

இனி எங்கட பக்கம். வீணையின் மெட்டுகள் மரத்தில அறையப்பட்டவை இல்லை. மெழுகில பதிக்கப்பட்டவை. நாள்பட மெழுகு இளகி, மெட்டு தேய்ஞ்சு, சுரம் பிசகும். அப்ப பழைய மெழுகை எடுத்து, இருபத்துநாலு மெட்டுகளையும் காதால கேட்டுக் கேட்டுத் திரும்ப வைப்பார்கள். மேளம் கட்டுறது எண்டு அதுக்குப் பேர். திரும்பத் திரும்பத் திருத்தப்படும் எண்டு தெரிஞ்சே செய்யப்பட்ட வாத்தியம் அது.

நாதஸ்வரத்திலயும் தவிலிலயும் வேற மாதிரி நடந்தது. முந்தி இருந்த திமிரி நாதஸ்வரம் நீளம் குறைஞ்சது, சுருதி கூடினது. திருவாவடுதுறை ரி. என். இராஜரத்தினம் பிள்ளையின் காலத்தில நீளமான, சுருதி குறைஞ்ச பாரி நாதஸ்வரம் அதன் இடத்தைப் பிடிச்சது. கீழ்ச் சுருதியில ராகத்தை ஆறுதலாக விரிக்க வேணும் எண்ட தேவை பழைய குழலுக்குள்ள அடங்கேல்லை. அதால குழலே மாறினது. தவிலிலயோ மரக்கட்டை அப்படியே இருக்க, இழுத்துக் கட்டுற வாருக்குப் பதிலா இரும்பு வளையமும் நட்டும் போல்ற்றும் வந்தது. அளவெட்டியிலயோ இணுவிலிலயோ ஒரு திருவிழாவுக்குப் போய் மேளக்காரருக்குக் கிட்ட நிண்டு பார்த்தால் இரண்டு முடிவும் பக்கத்தில பக்கத்தில இருக்கும்: ஒண்டு மாத்தினது, மற்றது திருத்தினது.

மூன்றாவது வழியும் ஒண்டு இருந்திருக்கு. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டு வந்தபோது ஐரோப்பாவில செய்த அந்தப் பெட்டியில எதையும் வெட்டவுமில்லை ஒட்டவுமில்லை. எங்கட மரபு மாத்தினது தந்திகளின் சுருதியையும் வாசிக்கிறவரின் இருக்கையையும்தான். நிண்டு தோளில வைச்சு வாசிச்சது, நிலத்தில இருந்து காலில ஊண்டி வாசிக்கிறதா மாறினது. வாத்தியத்தில கை வைக்க முதல் எங்கட கையை மாத்திப் பார்க்கலாம் எண்ட பாடம் இது.

யாழ்ப்பாணத்தில வளர்ந்த வயலின்

எங்கட கேள்விக்கு ஆகக் கிட்டின கதை யாழ்ப்பாணத்தில இருந்தே தொடங்குது. வயலின் வித்துவான் வி. லக்ஷ்மிநாராயணா இங்க இசைக் கல்லூரியில பேராசிரியராக இருந்தவர். அவரின் மக்கள் எல். சுப்ரமணியமும் எல். சங்கரும் சின்ன வயதில வளர்ந்தது இந்த ஊரில. 1958 கலவரத்தோட அந்தக் குடும்பம் சென்னைக்குத் திரும்பிப் போனது. அப்ப சங்கருக்கு எட்டு வயது.

1970களின் நடுப்பகுதியில அதே சங்கர், இங்கிலாந்துக் கிற்றார் கலைஞர் ஜோன் மக்லொக்லினோட சேர்ந்து ‘சக்தி’ குழுவில வாசிச்சார். தபேலாவுக்கு சாகிர் உசேன், கடத்துக்கு விக்கு விநாயக்ராம். மக்லொக்லினுக்குப் பெரிய சிக்கல் கமகம். வீணையில தந்தியை மெட்டுக்கு மேல வைச்சு இழுக்கலாம். கிற்றாரில விரல் மரத்தில முட்டும். அவர் கிற்றாரைத் தூக்கி எறியவில்லை. கிப்சன் கிற்றாரில கட்டைகளுக்கு இடையில உள்ள மரத்தைக் குழியாகக் கடைவிச்சார். விரல் மரத்தில படாமல் தந்தியை மட்டும் பிடிச்சு இழுக்க அது வழி விட்டது. சுருதிக்காக ஏழு தந்திகளைக் குறுக்காகவும் பூட்டுவிச்சார்.

சங்கர் எடுத்த முடிவு நேர் எதிரானது. அவருக்குச் சாதாரண வயலினின் வீச்சு போதேல்லை. வயலின், வியோலா, செலோ, டபிள் பாஸ் எல்லாத்தின் வீச்சும் ஒரு கைக்குள்ள வேணும். எந்தப் பாகத்தை மாத்தினாலும் ஒரு வயலினின் உடம்புக்குள்ள இது வராது. அதால இரண்டு கழுத்தும் பத்துத் தந்தியும் உள்ள எலெக்ரிக் இரட்டை வயலினைத் தானே வடிவமைச்சார். 1980இல் அதைச் செய்து கொடுத்தவர் கென் பார்க்கர். அவர் வயலின் செய்கிற மரபில வந்தவர் இல்லை, பிறகு தன்ர பேரிலயே எலெக்ரிக் கிற்றார் கொண்டு வந்த கிற்றார்க் கைவினைஞர்.

ஒரே குழு, ஒரே இசை, இரண்டு முடிவு. இரண்டும் சரி. ஒருவருக்குத் தடையாக இருந்தது வாத்தியத்தின் ஒரு பாகம். மற்றவருக்குத் தடையாக இருந்தது வாத்தியமே. எங்கட விவாதத்துக்கு வேண்டிய அளவுகோல் இதுதான் எண்டு எங்களுக்குப் பட்டது.

தடைக்காலத்தின் கைவேலை

ஆனால் யாழ்ப்பாணத்தில இந்த அளவுகோலைப் பாவிக்க எல்லாக் காலமும் இடம் இருக்கேல்லை. 1970 தொடக்கம் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. அந்த நேரம் எங்கட வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைச்சது. வெளிநாட்டுச் சாமான் கிடைக்கிறதுதான் குதிரைக்கொம்பு. நித்தி கனகரத்தினம் கிற்றாரோட பாடின ‘சின்ன மாமியே’யை ஊரே பாடிக்கொண்டிருந்த காலமும் அதை ஒட்டினதுதான். 1977இல் சந்தை திறந்தது. 1990 ஜூனில போர் திரும்பத் தொடங்கினாப் பிறகு எல்லாம் அடைபட்டது. மின்சாரம் இல்லை. பற்றரி தடை, பெற்றோல் தடை. பெற்றோல் துளியில ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில மோட்டார்ச் சைக்கிள் ஓடினது. ஜாம் போத்தல் விளக்கில படிச்சார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைச்சு, பெடலைக் கையால சுத்தி, டைனமோவில ரேடியோச் செய்தி கேட்டார்கள்.

இந்தக் கதைகளைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். கேட்கிறபோது பெருமையா இருக்கும். திருத்துற கட்சிக்காரர் எங்கட விவாதத்தில முதலில எடுத்த ஆயுதமும் இதுதான்: “அந்தக் காலத்தில சனம் ஒண்டும் இல்லாமல் சமாளிக்கேல்லையோ?” சமாளிச்சவைதான். ஆனால் கணக்கையும் பார்க்க வேணும். சைக்கிள் டைனமோ தாறது 6 வோல்ற், 3 வாற். செய்தி கேட்க அது காணும். மேடையில டிரம்ஸோட சேர்ந்து ஒரு எலெக்ரிக் கிற்றார் கேக்க வேணுமெண்டால் அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல வேணும். ஜெனரேற்றர் இல்லாத வீட்டில அந்த வாத்தியம் வெறும் பலகைதான். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது சைக்கிள் கரியரில எதை ஏத்துறது எண்ட கேள்விக்கு முன்னால, திருத்துறதோ மாத்துறதோ எண்ட கேள்வியே இல்லாமல் போச்சு.

அப்ப திருத்தினது தெரிவு இல்லை, கட்டாயம். கட்டாயத்தில பிறந்த கெட்டித்தனத்தை மதிக்கிறது ஒண்டு, அந்தக் கட்டாயத்தையே ஒரு நற்பண்பாக்கிப் பிள்ளைகளிட்டைத் திணிக்கிறது இன்னொண்டு. சுருதி சேராத கிற்றாரில பழகிற பிள்ளைக்கு “சமாளி” எண்டு சொன்னால், அது பழகிறது பிழையான சுருதியைத்தான்.

மாத்துற கட்சியின் வாதத்திலயும் ஓட்டை இருக்கு. ஏ9 பாதை 2009இன் கடைசியில திரும்பத் திறந்தாப் பிறகு சாமான் வந்து குவிஞ்சது. வெளிநாட்டு உறவுகளும் விடுமுறைக்கு வரும்போது கிற்றார் கொண்டு வந்தார்கள். கொஞ்ச நாள் வாசிச்சு, தந்தி அறுந்து, அலுமாரிக்கு மேல ஏறின கிற்றார்கள் எத்தனை வீட்டில இருக்கு எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்கோ. பிறகு 2022. டொலர் இருநூறு ரூபாயில இருந்து சில கிழமைகளுக்குள்ள முந்நூற்றைம்பதைத் தாண்டினது. மார்ச் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. “பிறகு புதுசு வாங்குவம்” எண்டிருந்தவர்களின் பிறகு அதோட தள்ளிப் போனது. எப்பவும் வாங்கலாம் எண்ட நம்பிக்கை இந்த நாட்டில நிலைச்சு நிண்டதில்லை. திருத்தத் தெரிஞ்ச கை இருக்கிறது பழங்கதைப் பெருமைக்கு இல்லை, நாளைக்குத் தேவை எண்டபடியால்.

எங்கட முடிவு

கடைசியா எங்கட கிற்றாரை மேசையில வைச்சு, சங்கரையும் மக்லொக்லினையும் பிரிச்ச அதே கேள்வியைக் கேட்டோம்: தடை பாகத்திலயோ, வாத்தியத்திலயோ?

கரகரப்பு குமிழில. எங்கட உப்புக்காத்தும் ஈரப்பதனும் உலோகத் தொடுகைகளை அரிச்சிருக்கு. ஊரில ரேடியோ திருத்துகிற ஒருவரே அதைத் துப்புரவாக்கலாம், இல்லாட்டி ஈயம் வைச்சுப் புதுக் குமிழ் பூட்டலாம். இரைச்சல் பிக்கப்பில. உள்குழிக்குச் செப்புத்தாள் ஒட்டி, அதை எர்த் வயரோட இணைச்சால் குறையும். சுருதிக்கு, பன்னிரண்டாவது கட்டையில தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பிற சுரமும், அதே இடத்தில அழுத்தி மீட்டுற சுரமும் ஒண்டா இருக்க வேணும். இல்லாட்டி பிரிட்ஜில உள்ள சின்ன ஆணியைத் திருகித் தந்தியின் நீளத்தைச் சரிப்படுத்தலாம். கழுத்து முன்னுக்கு வளைஞ்சிருந்தால் உள்ளுக்கு ஓடுற இரும்புக் கம்பியை முறுக்கி நிமிர்த்தலாம். முறுகிப் போன கழுத்து எண்டால்தான் அந்தக் கம்பியால ஒண்டும் செய்யேலாது. அப்ப கழுத்தை மாத்த வேணும், அதுக்கு வாற செலவைப் புதுக் கிற்றாரின் விலையோட ஒப்பிட்டுப் பார்க்க வேணும். ஒண்டை மறக்கக் கூடாது: போட்ட பாகத்தின் காசு விக்கிறபோது திரும்பி வராது.

எங்கட கிற்றாரின் கழுத்து முறுகேல்லை, வளைஞ்சு மட்டும்தான் இருக்கு. அதால திருத்துறதெண்டு முடிவு. முதல் செலவு புதுத் தந்தி, பிறகு குமிழும் செப்புத்தாளும். பிக்கப் கடைசி, அதுவும் தேவையெண்டால் மட்டும். மிச்சக் காசு உண்டியலில இருக்கும். குழுவில ஆரும் இந்த ஆறு தந்திக்குள்ள அடங்காத இசை ஒண்டை வாசிக்கத் தொடங்கினால், அண்டைக்குப் புது வாத்தியத்துக்கு அந்தக் காசை எடுப்போம். அந்த நாள் வர வேணும் எண்டுதான் மாத்துற கட்சியும் திருத்துற கட்சியும் சேர்ந்து ஆசைப்படுகிறோம். உங்கட வீட்டு அலுமாரிக்கு மேல ஒண்டு கிடந்தால், தயவு செய்து இறக்கி, பன்னிரண்டாவது கட்டையில ஒருக்காத் தட்டிப் பாருங்கோ.