ஹீட்டர் ஆன்ல இருக்கு... தண்ணி மட்டும் சூடாகலையா? மெக்கானிக்கைக் கூப்பிடுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் செக் பண்ணுங்க!

மழையும் மார்கழிக் குளிரும் வந்துவிட்டால், வீட்டில் ஓய்வே இல்லாமல் உழைப்பது பாத்ரூம் ஹீட்டர்தான். வருஷத்தில் பாதி நாள் சும்மா தொங்கிக்கொண்டிருந்துவிட்டு, சரியாக நமக்குத் தேவைப்படும் நேரத்தில் மக்கர் பண்ணும். ஸ்விட்ச் போட்டு அரை மணி நேரம் ஆகியும் குழாயில் பச்சைத் தண்ணீர்தான் வருகிறதா? டென்ஷன் வேண்டாம். சில பிரச்னைகளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். சிலவற்றில் கையே வைக்கக் கூடாது. எது எதுன்னு பார்ப்போம்.

முதல்ல ஒரு கண்டிஷன்

ஸ்விட்ச், எம்.சி.பி, குழாய், வால்வு... இவையெல்லாம் நீங்கள் பார்க்கலாம். ஹீட்டரின் மூடியைக் கழற்றும் வேலை எலெக்ட்ரீஷியனுக்கு மட்டும்தான். தண்ணீரும் கரன்ட்டும் ஒரே இடத்தில் இருக்கிற பொருள் இது. ஈரக்கையோடு, வெறுங்காலோடு எதையும் தொடாதீங்க.

உண்மையிலேயே ரிப்பேர்தானா?

15 லிட்டர் டேங்க், 2,000 வாட்ஸ் காயில் உள்ள ஹீட்டர், 25 டிகிரி தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர கிட்டத்தட்ட 18 நிமிஷம் எடுக்கும். 25 லிட்டர் என்றால் அரை மணி நேரம். முதல் ஆள் குளித்து முடித்த கையோடு அடுத்தவர் குளிக்கப் போனால் தண்ணீர் ஆறித்தான் இருக்கும். அது ரிப்பேர் இல்லை.

லோ வோல்டேஜும் ஒரு காரணம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வோல்ட் வந்தால், காயிலின் சக்தி சுமார் 60 சதவிகிதமாகக் குறைந்துவிடும். 18 நிமிஷ வேலைக்கு அரை மணி நேரம் ஆகும். ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள், விஷயம் புரிந்துவிடும்.

லைட்டே எரியலையா?

'வீட்ல கரன்ட் இருக்கே' என்று விட்டுவிடாதீர்கள். பல வீடுகளில் ஹீட்டருக்குத் தனி லைன், தனி எம்.சி.பி இருக்கும். அது கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். த்ரீ ஃபேஸ் வீடு என்றால், ஒரு ஃபேஸ் மட்டும் போயிருக்கலாம். ஹாலில் லைட் எரியும், ஹீட்டர் வேலை செய்யாது.

அடுத்தது பிளக். 2,000 வாட்ஸ் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்ப்ஸ் கரன்ட் இழுக்கும். 3,000 வாட்ஸ் என்றால் 13 ஆம்ப்ஸ். அதனால்தான் பெரிய பின் உள்ள பவர் பாயின்ட் தேவை. பிளக் கறுத்திருந்தாலோ, பிளாஸ்டிக் உருகிய வாடை அடித்தாலோ, எம்.சி.பி-யை ஆஃப் பண்ணிவிட்டு பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். மிக்ஸி மாட்டும் சின்ன பாயின்ட்டில் கன்வெர்ட்டர் போட்டு ஹீட்டரை ஓட்டுவது தீ விபத்தில் கொண்டுபோய் விடும்.

லைட் எரியுது, தண்ணி சூடாகலையா?

லைட் எரிந்துகொண்டே இருந்தும் தண்ணீர் சூடாகவில்லை என்றால், பெரும்பாலும் காயில் போயிருக்கும். போர் தண்ணீர் உபயோகிக்கும் வீடுகளில் இது சகஜம். தண்ணீரில் உள்ள உப்பு காயில் மேல் வெள்ளையாகப் படிந்து, சூடு தண்ணீருக்குப் போகாமல் தடுக்கும். உள்ளேயே சூடேறி காயில் எரிந்துவிடும். ஹீட்டருக்குள் இருந்து 'படபட'வென்று சத்தம் வந்தால், உப்பு படிய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

பவர் லைட் இருக்கிறது, ஹீட்டிங் லைட் மட்டும் வரவில்லை என்றால் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேலோ, தெர்மல் கட்-அவுட் மேலோதான். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் கரன்ட்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு இந்த கட்-அவுட். அதை ரீசெட் பண்ணினால் ஹீட்டர் ஓடும்தான். ஆனால், அது ஏன் துண்டித்தது என்று எலெக்ட்ரீஷியனிடம் கட்டாயம் கேளுங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல், 'டைரக்ட்டா கொடுத்துடறேன் சார்' என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். கட்-அவுட்டும் இல்லாமல் சேஃப்டி வால்வும் அடைத்துக்கொண்டால், டேங்க் வெடிக்கும் அளவுக்கு பிரஷர் ஏறிவிடும்.

ஹீட்டர் நன்றாக இருந்தும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே வருகிறதா? மிக்ஸர் குழாயில் பச்சைத் தண்ணீர் கலந்துகொண்டிருக்கலாம். ஹீட்டரை ஆஃப் பண்ணிவிட்டு, அதற்குத் தண்ணீர் போகும் வால்வை மூடுங்கள். பிறகு சுடுதண்ணீர்க் குழாயைத் திறங்கள். அப்போதும் தண்ணீர் விடாமல் வந்தால் கோளாறு மிக்ஸரில். இதற்கு பிளம்பர் போதும்.

ஆன் பண்ணினதும் டிரிப் ஆகுதா?

ஒரே ஒரு முறை தூக்கிவிட்டுப் பாருங்கள். மறுபடி விழுந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். காயிலில் விரிசல் விழுந்து கரன்ட் தண்ணீரில் கசியலாம். 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி இருக்கும் வீடுகளில், அந்தக் கசிவைப் பார்த்துதான் அது விழுகிறது. நம் உயிரைக் காப்பாற்றும் வேலையைச் செய்கிறது. 'அடிக்கடி விழுது' என்று அதைக் கழற்றிப் போடுவதைப் போல ஆபத்து வேறில்லை.

குழாயைத் தொட்டால் லேசாக 'சுர்'ரென்று இருக்கிறதா? குளியலை அப்படியே விட்டுவிட்டு வெளியே வாருங்கள். மெயினை ஆஃப் பண்ணுங்கள். காயிலையும் எர்த்தையும் செக் பண்ணும்வரை ஹீட்டரைப் போடவே கூடாது.

சொட்டு சொட்டா ஒழுகுதா?

சேஃப்டி வால்வில் இருந்து, ஹீட்டர் ஓடும்போது மட்டும் கொஞ்சம் சொட்டினால் பயப்பட வேண்டாம். சூடானால் தண்ணீர் விரியும், அந்தக் கூடுதல் தண்ணீர்தான் வெளியேறுகிறது. ஒழுகுகிறதே என்று அதைத் துணி வைத்தோ, எம்-சீல் போட்டோ அடைத்துவிடாதீர்கள். ஆஃப் பண்ணிய பிறகும் ஒழுகிக்கொண்டே இருந்தால், தண்ணீர் பிரஷர் அதிகமாக இருக்கலாம் அல்லது வால்வு போயிருக்கலாம்.

டேங்க்கே ஓட்டையாகிவிட்டால் ரிப்பேர் பார்த்துப் பயனில்லை, புதுசுதான். காயில், தெர்மோஸ்டாட், வால்வு போன்றவை மட்டும் போயிருந்தால், மாற்றிவிட்டு இன்னும் சில வருஷம் ஓட்டலாம்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கு

பற்றவில்லை என்றால், முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அடுத்து, மொட்டைமாடி டேங்க்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். பிரஷர் குறைந்தாலும் பற்றாது. பிறகு சிலிண்டர்.

இதையெல்லாம்விட முக்கியம், அதை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்பது. மூடிய பாத்ரூமுக்குள் கேஸ் எரியும்போது கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைசுற்றல், வாந்தி, மயக்கம் என்று போய் உயிரையே எடுத்துவிடும். கீசர் காற்றோட்டமான வெளி இடத்தில்தான் இருக்க வேண்டும். கேஸ் வாடை வந்தால் எந்த ஸ்விட்ச்சையும் தொடாமல், ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்கு போன் பண்ணுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் எல்.பி.ஜி அவசர உதவி எண் அது.

இனி மக்கர் பண்ணாமல் இருக்க...

* ஊருக்குப் போய்விட்டு வந்தாலோ, டேங்க் காலியாகி நிரம்பினாலோ, சுடுதண்ணீர்க் குழாயில் தண்ணீர் சீராக வருவதைப் பார்த்த பிறகே ஸ்விட்ச் போடுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் காயில் காலி.

* டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே மெக்னீசியம் ராடு ஒன்று இருக்கும். டேங்க்குக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவதுதான் அதன் வேலை. போர் தண்ணீர் என்றால், வருஷத்துக்கு ஒரு முறை சர்வீஸ் செய்து ராடையும் பார்க்கச் சொல்லுங்கள்.

* 60 டிகிரிக்கு மேல் செட் பண்ண வேண்டாம். அந்தச் சூடே குழந்தைகளின் தோலைச் சில நொடிகளில் பொசுக்கிவிடும். பக்கெட்டில் எப்போதும் பச்சைத் தண்ணீர் முதலில், சுடுதண்ணீர் பிறகு.

* குளிக்கப் போகும் முன் ஹீட்டரை ஆஃப் பண்ணிவிடுங்கள்.

மெக்கானிக்குக்கு போன் பண்ணும்போது 'ஹீட்டர் ஓடலை' என்று மட்டும் சொல்லாதீர்கள். லைட் எரிகிறதா, டிரிப் ஆகிறதா, சத்தம் வருகிறதா, எத்தனை லிட்டர், எத்தனை வாட்ஸ் என்று சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கேற்ற ஸ்பேரோடு வருவார். இரண்டு நாள் இழுக்க வேண்டிய வேலை ஒரே விசிட்டில் முடியும்!