உளநோய்ச்சாலையும் வெண்டிரையும்

1968ஆம் ஆண்டு தை மாதத்தில், அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநில நீதிபதி ஒருவர் ஒரு திரைப்படத்தை எவர்க்கும் காட்டலாகாது எனத் தீர்ப்பளித்தார். அம்மட்டோடு அமையாது, அப்படச்சுருள்கள் அழிக்கப்படல் வேண்டும் என்றுங் கட்டளையிட்டார். அப்படத்திலே காமத்தைத் தூண்டும் கதையில்லை. நாட்டின் படை இரகசியமேதும் வெளியிடப்படவுமில்லை. பிறிட்ஜ்வோட்டர் என்னும் ஊரில் அம்மாநிலத்துச் சிறைத் திணைக்களம் நடாத்திவந்த உளநோய்ச்சாலை ஒன்றில் நாடோறும் நிகழ்ந்தவை மாத்திரமே அதில் இடம்பெற்றன. 'டிற்றிக்கட் ஃபாலீஸ்' என்பது படத்தின் பெயர். டிற்றிக்கட் என்பது அப்பகுதிக்கு அந்நாட்டுப் பழங்குடியினர் இட்ட பெயராகும். ஆண்டுதோறும் நோயாளரும் காவலரும் ஒருங்குசேர்ந்து நடாத்திய ஆடல்பாடல் நிகழ்ச்சி இப்பெயராலேயே வழங்கிற்று. அந்நிகழ்ச்சியோடுதான் படமும் தொடங்குகின்றது.

உளநோய்ச்சாலையைத் திரைக்குக் கொணர்ந்த முதற்படம் இதுவன்று. 1948இல் அனற்றோல் லித்வாக் நெறிப்படுத்திய 'பாம்புக் குழி' என்னும் படம் அமெரிக்கரைப் பெரிதும் உலுக்கியது. மேரி ஜேன் உவார்ட் என்னும் எழுத்தாளர், நியூயோர்க் மாநில உளநோய்ச்சாலையொன்றில் தாம் நோயாளியாய்த் தங்கியிருந்த அனுபவத்தைக் கொண்டு 1946இல் எழுதிய நாவலே அதன் மூலம். அறிவு பிறழ்ந்தவரைப் பாம்புகள் நிறைந்த குழியில் எறிந்தால், நல்லறிவுடையோரைப் பித்தராக்கும் அவ்வச்சம் பித்தரை நல்லறிவுக்கு மீட்டுவிடும் என்று முற்காலத்தவர் சிலர் நம்பினராம். தலைப்பு அதனைச் சுட்டியது. ஒலிவியா டி ஹவிலண்ட் கதைத்தலைவியாக நடித்தார். நெருக்கமான விடுதிகள், மின்னதிர்ச்சிச் சிகிச்சை, கடுஞ்சொற் கூறும் தாதியர் ஆகிய யாவும் திரையிற் காணப்பட்டன. ஆயினும் அக்கதையில் அன்புள்ளம் படைத்த வைத்தியர் ஒருவர் உளர். இறுதியில் நோயாளி குணமடைந்து வீடு திரும்புகிறாள். சாலை தீயது, வைத்தியம் நல்லது என்பதே படத்தின் கட்சி.

இப்படத்தின் பயனாகப் பல மாநிலங்கள் தம் சட்டங்களைத் திருத்தின என்று படத்தயாரிப்பு நிறுவனத்தார் பெருமை பாராட்டினர். வரலாற்று மாணவர் இதனை அப்படியே ஏற்றல் ஆகாது. இரண்டாம் உலகப்போரின்போது படையிற் சேர மறுத்து, அதற்கீடாக உளநோய்ச்சாலைகளிற் பணிசெய்த இளைஞர்கள் தாம் கண்ட கொடுமைகளை முன்னரே வெளிப்படுத்தியிருந்தனர். 'லைஃப்' சஞ்சிகை 1946இல் அவற்றைப் படங்களோடு வெளியிட்டது. அல்பேட் டொயிற்ஷ் என்னும் பத்திரிகையாளர் சாலை சாலையாகச் சென்று ஆராய்ந்து எழுதிய நூலும் 1948இலேயே வெளிவந்தது. வெள்ளம் பெருகிவரும் வேளையில் மிதந்துவந்த தோணி, வெள்ளத்தைத் தானே கொணர்ந்ததாகச் சொல்லிக்கொள்ளல் எளிது.

1955ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்க உளநோய்ச்சாலைகளில் அடைபட்டிருந்தோர் ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்டவர். இவருட் பெரும்பாலோர் தாமாக விரும்பிச் சென்றவரல்லர். உறவினர் மனுவினாலோ, வைத்தியர் சான்றிதழினாலோ, நீதிமன்றக் கட்டளையினாலோ அனுப்பப்பட்டவர். களவு செய்தவனுக்குச் சிறைவாசம் இத்தனை ஆண்டு என்ற கணக்குண்டு. உளநோயாளிக்கோ அக்கணக்கில்லை. குணமடைந்தான் என்று வைத்தியர் கூறும்வரை அவன் உள்ளேயே இருத்தல் வேண்டும். பிறிட்ஜ்வோட்டரில் நிலைமை இதனினுங் கேடானது. வழக்கு விசாரணைக்குத் தகுந்த உளநிலை உடையரோ என்று சிலநாட் பார்த்தறியும் பொருட்டு அனுப்பப்பட்டவருட் சிலர், அவ்வழக்கில் விதிக்கப்பட்டிருக்கக்கூடிய தண்டனைக் காலத்தினும் பன்மடங்கு காலம் அங்கேயே கிடந்தனர்.

பிரெடறிக் வைஸ்மன் அக்காலத்திற் பொஸ்ரன் நகரிற் சட்டம் கற்பித்து வந்தவர். தாம் தண்டனைக்கு அனுப்பும் மனிதர் சென்றடையும் இடத்தை எதிர்காலச் சட்டத்தரணிகளும் நீதிபதிகளும் கண்ணாரக் காணல் வேண்டும் என்று கருதித் தம் மாணாக்கரைப் பிறிட்ஜ்வோட்டருக்கு அழைத்துச்செல்வது அவர் வழக்கம். அவ்வழியே பிறந்ததுதான் படமெடுக்கும் எண்ணம். 1966இல், உரிய அனுமதியுடன், ஜோன் மார்ஷல் படம் பிடிக்க, வைஸ்மன் ஒலிப்பதிவு செய்தார். படத்தில் விளக்கவுரை கூறுவார் எவருமில்லை, பேட்டியுமில்லை, பின்னணி இசையுமில்லை. கறுப்பு வெள்ளையில் 84 நிமிடங்கள், காண்பவன் துணையின்றி நிற்கின்றான்.

அதில் ஓர் இளைஞன் வைத்தியர் குழுவின் முன் வந்து நிற்கும் காட்சி மறத்தற்கரியது. சோதனைக்காக இங்கு அனுப்பப்பட்டேன், ஒன்றரை ஆண்டாயிற்று, இவ்விடத்து இரைச்சலும் மருந்துகளும் என்னைக் கெடுக்கின்றன, சிறைக்கே திருப்பி அனுப்புங்கள் என்று அவன் முறையிடுகிறான். சொற்கள் விரைந்து வருகின்றன. ஆயினும் கோவை கெடவில்லை. அவன் வெளியேறிய பின்னர் வைத்தியர் தம்முட் பேசிக்கொள்கின்றனர். அவனது அடிப்படைக் கொள்கையை ஒப்புக்கொண்டால் எஞ்சியவை யாவும் தருக்கத்துக்கு இசைவனவே, ஆனால் அவ்வடிப்படைதான் பொய் என்கிறார் ஒருவர். மருந்தின் அளவு கூட்டப்படுகின்றது. அவன் கூறியது மெய்யாயின் அதனை மெய்ப்பிக்க அவனுக்கு யாதொரு வழியுமில்லை. வாதம் செவ்வையாக அமையுந்தோறும் நோயும் முற்றியதாகக் கொள்ளப்படும். கட்டாயத் தடுப்புக் காவலைப்பற்றி எழுதப்பட்ட சட்ட நூல்கள் பல பக்கங்களிற் கூறுவதை இச்சில நிமிடங்கள் காட்டிவிடுகின்றன.

இன்னொரு காட்சியில், உணவை மறுத்த முதியவர் ஒருவருக்கு மூக்கின் வழியே குழாய் செலுத்தி வைத்தியர் உணவூட்டுகிறார். அவர் வாயிலுள்ள சிகரெட்டின் சாம்பல், இப்பொழுதோ பின்னரோ என்று புனலின்மேல் தொங்குகின்றது. அக்காட்சியினிடையே அதே முதியவரின் பிரேதம் அடக்கத்துக்கு ஒப்பனை செய்யப்படும் காட்சி துணித்துத் துணித்து இணைக்கப்பட்டுள்ளது. வெவ்வேறு நாட்களில் நிகழ்ந்தவற்றை இவ்வாறு கோத்தது கத்தரிக்கோலின் வேலை. கண்டதைக் கண்டபடி காட்டும் படம் என்று இதனைப் புகழ்வோர் இவ்விடத்திற் சற்றே நிதானித்தல் நன்று. அவ்விணைப்பு மிகையானதென வைஸ்மன் தாமே பிற்காலத்திற் கருதினார்.

1967இல் நியூயோர்க் திரைப்பட விழாவிற் படம் காட்டப்பட்டது. அதற்குச் சற்று முன்னர் மாநில அரசு வழக்குத் தொடுத்தது. நோயாளரின் அந்தரங்கம் மீறப்பட்டது, படத்தை இறுதியாகப் பார்த்து ஒப்புதலளிக்கும் உரிமை அரசுக்கு வாய்மொழியாற் கொடுக்கப்பட்டிருந்தது என்பன அதன் வாதங்கள். வழக்கைத் தொடுத்த சட்டமா அதிபர் எலியற் றிச்சட்சன், முன்னர்த் துணை ஆளுநராக இருந்தபோது படமெடுக்க அனுமதி கிடைக்கத் துணைநின்றவர் என்பது நகைப்புக்கிடமானது. எனினும் அந்தரங்க வாதத்தைப் போலியென ஒதுக்கிவிடல் முறையன்று. ஆடையின்றி வெற்றறையிற் காலால் நிலத்தை மிதித்து நிற்கும் மனிதனின் முகம் படத்திலே தெளிவாகத் தெரிகின்றது. அவன் சம்மதம் அளித்தானா? அளிக்கத்தக்க நிலையில் இருந்தானா? ஆனால் அவனை ஆடையின்றி வெற்றறையில் நிறுத்தியவர் படப்பிடிப்பாளர் அல்லரே. அவன் மானத்தைக் காக்க முன்வந்த அரசுதான் அவனை அவ்வாறு வைத்திருந்தது.

1969இல் மேல்நீதிமன்று படத்தை அழிக்கும் கட்டளையை நீக்கிற்று. வைத்தியர், சட்டத்தரணிகள், நீதிபதிகள், சமூக சேவையாளர், அத்துறை மாணவர் முதலியோர்க்கு மட்டும் காட்டலாம் என்று விதித்தது. பொதுமக்களுக்குத் தடை நீடித்தது. ஐக்கிய அமெரிக்க உயர்நீதிமன்று 1970இல் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது.

இத்தடைக்காலத்தில் நாட்டின் சட்டநிலை மாறிவந்தது. கலிபோணியாவில் 1967இல் இயற்றப்பட்ட சட்டம், ஒருவரை அவர் விருப்பின்றி முதற்கண் 72 மணிநேரமே தடுத்துவைக்கலாம் என்று வரையறுத்தது. 1975 ஆனி மாதத்தில், ஏறத்தாழ 15 ஆண்டுகள் புளோரிடா மாநிலச் சாலையொன்றில் அடைபட்டிருந்த கென்னத் டொனல்ட்சனின் வழக்கில் உயர்நீதிமன்று தீர்ப்பளித்தது: பிறர்க்கு ஆபத்து விளைக்காதவனாய், வெளியே பாதுகாப்பாக வாழவல்லவனாய் உள்ள ஒருவனை வெறுமனே அடைத்துவைக்க அரசுக்கு உரிமையில்லை. அவ்வாண்டுக் கார்த்திகையிலே மிலோஷ் ஃபோமனின் 'குயிற்கூட்டின்மேற் பறந்த ஒருவன்' திரைக்கு வந்தது. குயிலுக்குக் கூடேது என்று நம்மவர் கேட்பர். அமெரிக்கக் கொச்சை வழக்கிற் குயிற்கூடு பைத்தியசாலையைக் குறிக்கும். ஒறிகன் மாநில உளநோய்ச்சாலையிலேயே படம்பிடிக்கப்பட்டது. அச்சாலையின் தலைமை வைத்தியரே அதில் வைத்தியராகவும் நடித்தார். சிறைவேலைக்கு அஞ்சிப் பித்தனாக நடித்து உள்ளே வந்த கதைத்தலைவன், தன் தண்டனைக் காலம் முடிந்தாலும் சாலையார் விரும்பும்வரை தன்னை வைத்திருக்கலாம் என்பதையும், உடனிருக்கும் பலர் விரும்பி வந்தவர் என்பதையும் ஒருசேர அறியும் இடமே அப்படத்தின் உயிர்நிலை எனலாம். பிறிட்ஜ்வோட்டர் இளைஞன் கண்டதும் அதுவே. நடிகரைக் கொண்டு சொன்ன கதைக்கு ஐந்து தலையாய ஒஸ்கார் பரிசுகள் கிடைத்தன. மெய்யாக நின்றவனைக் காட்டிய படம் அப்பொழுதும் தடையுண்டு கிடந்தது.

1991இலேதான் தடை நீங்கிற்று. படத்திற் காணப்பட்டோருட் பலர் அதற்குள் இறந்துபட்டனர். அடுத்த ஆண்டு அது தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. 1966இன் பின்னர்ச் சாலையில் மாற்றங்களும் சீர்திருத்தங்களும் நிகழ்ந்துள்ளன என்னும் அறிவிப்பைப் படத்திற் சேர்க்குமாறு நீதிமன்று முன்னரே கட்டளையிட்டிருந்தது. வைஸ்மன் பணிந்தார். படம் முடிந்ததும், அவ்வாறு அறிவிக்குமாறு நீதிமன்று கட்டளையிட்டது என்ற வாசகம் முதலிலே தோன்றுகின்றது. அதனையடுத்து, தனியே, நீதிமன்று கேட்ட அவ்வறிவிப்புத் தோன்றுகின்றது.