வாவிக்கு மேற்கே: படுவான்கரையின் மலைகளும் ஊர்களும்

மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனையை அண்டிய சதுப்பு நிலம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. அதற்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டையும், பின்வந்த கச்சேரி எனும் மாவட்ட நிருவாக அலுவலகமும், பெரிய பாடசாலைகளும் வாவி நடுவேயுள்ள புளியந்தீவிலும் கிழக்குக் கரையிலும் அமைந்தன. ஆவணங்களும் அங்கேயே எழுதப்பட்டன. படுவான்கரை நெல்லையும் தயிரையும் தேனையும் அனுப்பியது. அதன் வரலாறோ பெரும்பாலும் கோயில் மரபிலும் வாய்மொழியிலும் தங்கிவிட்டது.

இந்த நிலத்தின் முதற் சாட்சிகள் மலைகள். நுவரெலியா, பதுளைப் பக்கத்து மலைத்தொடரோடு இவற்றுக்குத் தொடர்ச்சி இல்லை. சுற்றியுள்ள மென்மையான பாறை காலங்காலமாகத் தேய்ந்து போக, தேயாத கடும்பாறை மட்டும் சமவெளியில் தனித்தனியே எழுந்து நிற்கிறது. இவற்றுள் பெயர்பெற்றது கிரானுக்கு மேற்கே உள்ள குடும்பிமலை. உயரம் 530 மீற்றருக்குச் சற்று அதிகம். முடிந்த குடும்பிபோன்ற உச்சியால் தமிழில் அப்பெயர். சிங்களத்தில் அது தொப்பிகல. ஆங்கிலேயரின் நிலப்படங்களில் பரன்ஸ் கெப். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் வழியாக அங்கே போகும் பாதை மாரிகாலத்தில் வெள்ளத்தில் மூழ்கிவிடும். ஒக்டோபரில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழை சனவரிவரை அப்பக்கத்து ஊர்களைத் தீவுகளாக்குவதுண்டு.

தெற்கே கரடியனாற்றுப் பக்கம் குசலானமலை இருக்கிறது. அதன் குகைகளில் நீர்வடி விளிம்புக்குக் கீழே முற்கால பிராமி எழுத்துகள் வெட்டப்பட்டுள்ளன. கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் இலங்கையின் வறண்ட வலயமெங்கும் துறவிகளுக்குக் குகைகளைத் தானம் செய்தவர்கள் இவ்வாறே தம் பெயரைப் பொறித்தார்கள். இன்று அதே மலையில் முருகன் வழிபாடு நடக்கிறது. பௌத்தத் துறவிகள் இருந்த இடத்தில் பின்னர் முருகன் கோயில் எழுவது கிழக்கிலங்கையில் புதுமையன்று. ஒன்றை மெய்யென்று நாட்ட மற்றதை மறுக்க வேண்டியதில்லை. அண்மைக் காலத்தில் இத்தகைய மலைகள் யாருக்கு உரியவை என்ற வழக்காக இது மாறியிருப்பது வருந்தத்தக்கது. அங்கு வாழ்ந்த எல்லாரையும் பற்றி இந்த மலைகளுக்குச் சொல்ல இருக்கிறது.

தாந்தாமலை மக்களுக்கு இன்னும் நெருக்கமானது. பட்டிப்பளைப் பிரதேசத்தின் காட்டோரத்தில், பழைய கட்டடச் சிதைவுகளுக்கும் பாறைகளுக்கும் நடுவே முருகன் கோயில் கொண்டிருக்கிறார். ஆடித் திருவிழாவுக்கு இரு கரைகளிலிருந்தும் மக்கள் போவார்கள். வாகன வசதி வருமுன் மாட்டுவண்டிகளில் அரிசியும் சட்டிபானையும் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டில் வாடி அடித்துத் தங்கினார்கள்.

இந்தக் காடுகளின் பழைய குடிகள் வேடர். கிழக்குக் கடலோரத்தில் தமிழ் பேசி வாழ்ந்த வேடரைப் பற்றி செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார்கள். படுவான்கரைக் கோயில்களின் தோற்றக் கதைகளிலும் வேடர் வருகிறார்கள். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயிலின் கதை, தேனெடுக்கப் போன வேடன் ஒருவன் கொக்கட்டி மரத்தை வெட்டியபோது இரத்தம் பெருகியது என்றும், அங்கே தானாய்த் தோன்றிய லிங்கம் இருந்தது என்றும் சொல்கிறது. கோயிலை எழுப்பியவள் உலகநாச்சி என்பது மரபு. மட்டக்களப்பு மான்மியம் அவளைக் கலிங்கத்திலிருந்து புத்தரின் பல்லைக் கூந்தலில் மறைத்துக் கொண்டுவந்த அரசகுமாரியாகவும், அதற்குக் கைம்மாறாக மண்முனையைப் பெற்றவளாகவும் காட்டுகிறது. எப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்த அந்த நூலை ஆண்டுக்கணக்கு வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் வேடன், கலிங்கத்துப் பெண், புத்தரின் பல், சிவலிங்கம் எல்லாவற்றையும் ஒரே கதைக்குள் வைத்துக்கொண்ட சமூகம் தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. அந்த வகையில் அதற்கு ஈடான சான்று வேறில்லை.

கொக்கட்டிச்சோலையில் கல் நந்தி எழுந்து புல் தின்று போர்த்துக்கேயரை விரட்டியது என்ற கதையும் உண்டு. போர்த்துக்கேயர் வெகுகாலம் நிலைக்கவில்லை. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுடன் சேர்ந்து ஒல்லாந்தர் 1638இல் கோட்டையைப் பிடித்தனர். 1766 உடன்படிக்கை கரையோரம் முழுவதையும் அவர்கள் கையில் கொடுத்தது. மட்டக்களப்பில் ஒல்லாந்த அதிகாரியாக இருந்த ஜேக்கப் பர்னாண்ட் 1794இல் எழுதிய நினைவுக்குறிப்பு இப்பகுதியின் வயல்களையும் தலைமைக்காரரையும் அறிய உதவும் அரிய ஆவணம். ஆங்கிலேயர் காலத்தில் எஸ்.ஓ. கனகரத்தினம் 1921இல் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பற்றி ஒரு தனிநூல் எழுதினார். அதன் பிறகு வீ.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வந்தது.

ஊர்களைக் கட்டி நிறுத்தியது குடிமுறை. குடி எனும் குலப்பிரிவு தாய்வழியே தொடரும். மகன் தாயின் குடியைச் சேர்வான், தந்தையின் குடியை அல்ல. இங்குள்ள முக்குவர் சமூகத்தின் வழக்கில் சொத்தும் அவ்வழியே இறங்கியது. கிறிஸ்தோப்பர் பிரிற்றோ 1876இல் அதை முக்குவர் சட்டம் என்று தொகுத்து வெளியிட்டார். எழுவான்கரை முஸ்லிம் ஊர்களிலும் தாய்வழிக் குடிகள் உண்டு. பெருங்கோயில்களின் திருவிழாக்கள் குடிகளுக்கும் ஊர்களுக்கும் பங்கிடப்பட்டிருந்தன. யார் எந்த நாள் திருவிழா செய்வது, யார் முதலில் காளாஞ்சி எனும் கோயில் மரியாதையைப் பெறுவது என்பதெல்லாம் வரிசைப்படியே நடந்தன. நிருவகிப்பவர் வண்ணக்கர். கொக்கட்டிச்சோலையும் மண்டூர்க் கந்தசுவாமி கோயிலும் தனி ஓர் ஊருக்கு உரியவையாகக் கருதப்படாமல் தேசத்துக் கோயில்கள் எனப்பட்டது இதனால்தான். மண்டூரில் கதிர்காமத்தைப்போலக் கப்புகனார் எனப்படும் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் பூசை செய்கிறார். சின்னக் கதிர்காமம் என்றே அதைச் சொல்வார்கள். உரிமை வரிசை சாதி ஏற்றத்தாழ்வையும் சேர்த்தே காத்தது என்பதை மறைத்து இந்த மரபைப் புகழ்வது சரியல்ல.

மலைக்கும் வாவிக்கும் இடையே இருப்பது குளமும் வட்டையும். மேற்கே உயர்ந்த நிலத்தில் மழைநீரை உன்னிச்சை, உறுகாமம், நவகிரி போன்ற குளங்கள் தேக்குகின்றன; கீழே வயல்கள் வாவிவரை இறங்குகின்றன. ஒரே நீரில் விளையும் வயற்கூட்டம் வட்டை. அதன் நீர்ப்பங்கீட்டையும் வேலியையும் கவனித்தவர் வட்டைவிதானை. பெருநிலக்காரர் போடியார், அவருக்காக வயலில் தங்கி வேலையாட்களை நடத்தியவர் முல்லைக்காரர். தமிழரிலும் முஸ்லிம்களிலும் போடியார்கள் இருந்தார்கள். பலர் எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் வைத்திருந்தனர். விதைப்புக்கு அக்கரை போய் வாடியில் தங்கி, அறுவடை முடிந்து நெல்லோடு திரும்புவது இரு கரைக்கும் பொதுவான ஆண்டு ஒழுங்காயிற்று.

உழவு இயந்திரம் வருமுன் களவெட்டியில் எருமைகளையும் மாடுகளையும் கொண்டு சூடு மிதித்தார்கள். களத்துக்குள் அன்றாடப் பேச்சு கூடாது. எல்லாவற்றுக்கும் களத்துமொழி ஒன்று இருந்தது. நெல் அங்கே பொலி. வைக்கோலை உதறும் வளைந்த தடி வேலைக்காரன் கம்பு. பூதங்கள் நெல்லை வாரிக்கொண்டு போகாமலிருக்க இந்த மறைமொழி என்று நம்பினார்கள். இரவு முழுவதும் மாடுகள் சுற்றப் பொலிப்பாட்டு நடந்தது. இயந்திரம் களவெட்டியை இல்லாமலாக்கியபோது அந்தச் சொற்களும் வயதானவர்களின் நினைவுக்குள் ஒதுங்கின. அறுவடைக்குப் பின் வரும் ஓய்வுக் காலமே கூத்துக்கு உரியது. வடமோடி, தென்மோடி இரண்டும் வட்டக்களரியில் விடியவிடிய ஆடப்பட்டன. வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்கள் திறந்து கண்ணகி வழக்குரை பாடி, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்கு செய்யப்படும்.

1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் தெற்கு எல்லையை மாற்றியது. காடு வெட்டி அமைத்த குடியேற்றங்களுக்குப் பெயருக்குப் பதில் எண்ணே இடப்பட்டது. போரதீவுப்பற்றில் இன்றும் 39ஆம் கிராமம், 40ஆம் கிராமம் என்றே ஊர்கள் இருக்கின்றன. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தபோது பழைய மட்டக்களப்புத் தேசத்தின் தென்பாதி வேறு நிருவாகத்துக்குப் போனது. 1957 டிசெம்பர் பெருவெள்ளமும் 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியும் இரு கரையையும் குலைத்தன.

பின்வந்த உள்நாட்டுப் போர் படுவான்கரையை மிக ஆழமாகக் காயப்படுத்தியது. 1987 சனவரி இறுதியில் மகிழடித்தீவு இறால் பண்ணையில் பலர் கொல்லப்பட்டனர். 1991 யூன் 12ஆம் திகதி அதே சுற்றுவட்டத்தில் நடந்த இன்னொரு படுகொலையை விசாரித்த ஆணைக்குழு 67 பேர் இறந்ததாகக் கண்டது. வாவித் துறைகள் சோதனைச் சாவடிகளாயின. குடும்பிமலைக் காடு விடுதலைப் புலிகளின் தளமாக இருந்து, 2007 யூலையில் இராணுவத்தின் கைக்குப் போனது. அந்த ஆண்டுகளில் அதன் அடிவாரத்து மக்கள் இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்தனர். மேற்கு எல்லையின் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல்தரைகளுக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் தொடர் போராட்டத்தில் இறங்கினார்கள். தயிருக்குப் பெயர்போன நாட்டின் கால்நடைகளுக்கு மாரியில் ஒதுங்க வேறு மேட்டுநிலம் இல்லை. அந்தக் கோரிக்கை நியாயமானது.

கரைகளை இணைத்தவை துறைகள். இரு தோணிகளின் மேல் பலகை பரப்பி ஆளும் வண்டியும் ஏற்றும் மிதவைக்கு மட்டக்களப்பில் பாதை என்று பெயர். மண்முனைத் துறையில் ஜப்பானிய உதவியோடு கட்டிய பாலம் 2014இல் திறக்கப்பட்டபோது அங்கே பாதையின் காலம் முடிந்தது. கொக்கட்டிச்சோலைக்குப் பேருந்து நேரே போகிறது. தெற்கே குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையே பாதையில் ஏறித்தான் மாணவரும் நோயாளரும் பல தலைமுறைகளாக வாவியைக் கடந்தார்கள். அங்கும் பாலம் வேண்டும் என்பது படுவான்கரை மக்களின் நெடுநாள் கோரிக்கை.