ஊர் தந்த சொற்கள்: விவிலியம்

விவிலியம் என்றதும் தேவாலயமும் ஜெபமும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், அந்தச் சொல்லின் வேர் இருப்பது ஒரு துறைமுகச் சந்தையில்.

லெபனானில் பெய்ரூத்துக்கு வடக்கே, கடலோரமாகச் சுமார் 40 கிலோமீட்டர் போனால் ஜுபைல் வரும். இதன் பழைய பெயர் கெபால். எகிப்தில் கப்பல் கட்டவும் கோயில் எழுப்பவும் ஏற்ற நெடுமரங்கள் இல்லை. கெபாலின் மலைகளிலோ கேதுரு மரங்கள் ஓங்கி நின்றன. மரம் அங்கே போக, பாப்பிரஸ் இங்கே வந்தது. நைல் சதுப்பில் விளையும் கோரையின் உட்சோற்றைச் சீவி, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, தட்டி உலர்த்திய தாள் அது.

கி.மு. 11ஆம் நூற்றாண்டில் நடப்பதாகச் சொல்லப்படும் எகிப்தியக் கதை ஒன்று உண்டு. ஆமோன் தெய்வத்தின் படகுக்கு மரம் வாங்க வெனமூன் என்பவன் கெபாலுக்கு வருகிறான். அரசன் சக்கர்பால் சும்மா தருவானா? முன்னோர் காலத்துக் கணக்குச் சுருள்களை எடுத்துவரச் சொல்லி, அன்றைக்கு எகிப்து என்ன கொடுத்தது என்று வாசிக்க வைக்கிறான். கடைசியில் எகிப்திலிருந்து விலை வந்து இறங்குகிறது: பொன், வெள்ளி, 500 மாட்டுத்தோல், 500 கயிறு, 20 மூட்டை பருப்பு, 30 கூடை மீன். கூடவே 500 பாப்பிரஸ் சுருள்கள்! வணிகத்தை இவ்வளவு கண்முன் நிறுத்தும் பழங்கதைகள் அபூர்வம்.

கிரேக்கர் வாயில் கெபால், பிப்லோஸ் ஆனது. கோழிக்கோட்டுத் துணி ஐரோப்பாவில் காலிகோ ஆனதுபோல, அங்கிருந்து வந்த தாளுக்கும் ஊர்ப் பெயரே நிலைத்தது. தாளின் பெயர்தான் ஊருக்கு ஒட்டியது என்போரும் உண்டு. சரக்கு வந்த வழியைப் பார்த்தால், ஊரே முந்தியது என்று எனக்குப் படுகிறது.

தாளிலிருந்து பிப்லியோன், அதாவது சுருள், நூல். அதன் பன்மை பிப்லியா, நூல்கள். கிரேக்கம் பேசிய கிறிஸ்தவர்கள் தங்கள் மறைநூல்களை அப்படித்தான் அழைத்தார்கள். இடைக்கால லத்தீனில் அந்தப் பன்மை ஒருமையாக மாறி, பல நூல்கள் ஒரே நூலாயின. அதுவே பைபிள், நம் மொழியில் விவிலியம்.

அந்த நூலுக்குள்ளேயே கெபால் இருக்கிறது, தன் பழைய பெயரோடு. சாலொமோனின் ஆலயத்துக்கு கெபால்காரர்கள் கல்லும் மரமும் செதுக்கினார்கள். எசேக்கியேலில் அவ்வூர் முதியவர்கள் கப்பலின் விரிசல்களை அடைக்கிறார்கள்.

பாப்பிரஸுக்குப் போட்டியாக வந்தது பதனிட்ட தோல். பார்ச்மென்ட் என்ற பெயரை அதற்குத் தந்த பெர்கமோன் நகரத்துக்கு அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)