குருவுக்கும் குறை உண்டு



"பெரியவர்கள் வாழ்க்கையை எழுதுகிறவன் பக்தியோடு எழுத வேண்டும், குறையைச் சொன்னால் துரோகம்" என்று எதிரணித் தலைவர் முழங்கிவிட்டுப் போயிருக்கிறார். ஐயா, அந்த மாதிரிப் புத்தகங்களை நானும் படிச்சிருக்கேன். தலைவர் தொட்டிலிலேயே தியாகம் செய்வார். ஆயுசுக்கும் கோபம் வராது. அவருக்குப் பல்வலிகூட வராதுங்க! (சிரிப்பு)

குருபக்திக்குப் பேர்போன ஒருவரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். இதோ பக்கத்துச் சிதம்பரத்தில், 1924 முதல் 1927 வரை மீனாட்சி தமிழ்க் கல்லூரித் தலைவராக இருந்தாரே, தமிழ்த் தாத்தா உ.வே.சா.! தன் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு 1933, 1934-இல் இரண்டு பாகமாகச் சரித்திரம் எழுதியவர்.

அந்த பக்தர் என்ன எழுதி வச்சிருக்கார் தெரியுமா? கோபாலகிருஷ்ண பாரதியார், தில்லைக்குப் போகத் துடித்த நந்தனாரின் சரித்திரத்தைக் கீர்த்தனையாகப் பாடினார். அதற்குச் சிறப்புப்பாயிரம் கேட்டுப் பிள்ளையிடம் நடையாய் நடந்தார். பாட்டில் இலக்கணப் பிழை இருக்குன்னு பிள்ளை இழுத்தடித்தார். ஒருநாள் பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து பாடுகிறார். உள்ளே இருந்த பிள்ளை உருகிப்போனார். பாயிரமும் கொடுத்தார்.

நடுவர் அவர்களே, இழுத்தடித்ததை மறைச்சிருந்தா, உருகினதுக்கு ஏதுங்க மதிப்பு?

இன்னொன்று கேளுங்க. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார், "என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று உ.வே.சா.வைக் கேட்டார். இவரும் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என்று குருவிடம் படித்ததையெல்லாம் அடுக்கினார். "சீவக சிந்தாமணி படித்ததுண்டா?" என்றார் முதலியார். இல்லை! மகாவித்துவானிடம் வருஷக்கணக்காகப் படித்தவருக்கே சிந்தாமணி தெரியாது. இதை 'என் சரித்திர'த்தில் உ.வே.சா.வே எழுதுகிறார். குருவின் பாடத்தில் இருந்த குறை வெளியே தெரியுமே என்று அவர் பயப்படலை.

பயந்து மறைச்சிருந்தா நஷ்டம் யாருக்கு? நமக்குத்தான். பழந்தமிழ் நூல்கள் பெரிய புலவர்களின் பாடத்தில்கூட இல்லாமல் ஒதுங்கிக் கிடந்த செய்தியே நமக்குத் தெரியாமல் போயிருக்கும். 1887-இல் அவர் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்த உழைப்பு எவ்வளவு பெரிசுன்னு நமக்குப் புரிந்திருக்காது.

இத்தனையும் படித்த பிறகு பிள்ளையவர்கள் மேலே நமக்கு மரியாதை குறைஞ்சுதா? கூடத்தானே செய்யுது!

பூசை பண்ண ஒரு படம் போதும். பிள்ளைகளுக்குப் பாடமாக வேண்டுமென்றால் முழு மனுஷன் வேணும். ஆகவே, வாழ்க்கை வரலாற்றுக்கு முதல் தேவை உண்மையே என்று தீர்ப்பு வழங்குங்கள்.