பரணில் கிடக்கும் கல்நார்

மார்கழிக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொள்கிறோம். கம்பளி வெப்பம் தருவதில்லை. உடலின் வெப்பம் வெளியே ஓடிவிடாமல் தடுக்கிறது. அதிலும் பெரும்பங்கு தடுப்பது இழைகளுக்கிடையே சிறைப்பட்ட காற்று. கடுங்குளிர் நிலவும் வட அமெரிக்காவில் வீட்டுக்கே இப்படிப் போர்த்த வேண்டும். அங்கே சரிந்த கூரைக்கும் அறையின் உட்கூரைக்கும் இடையில் நம் பரணைப் போன்ற ஓர் இடம் உண்டு. அதன் தரையில் காப்புப் பொருளைப் பரப்புகிறார்கள். எவ்வளவு பரப்புவது? எதைப் பரப்புவது?

முதல் கேள்விக்குக் கணக்கே விடை சொல்லும். வெப்பத்தைத் தடுக்கும் திறனை 'ஆர்-மதிப்பு' என்ற எண்ணால் குறிப்பார்கள். வெளியேறும் வெப்பம் இதற்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஆர் 10 உள்ள பரண் வழியே 60 பங்கு வெப்பம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர் 20 ஆனால் 30 பங்கு. ஆர் 30 ஆனால் 20. ஆர் 40 ஆனால் 15. ஒவ்வொரு முறையும் சேர்த்தது அதே 10தான். மிச்சமானதோ முதலில் 30, பிறகு 10, பிறகு வெறும் 5! ஆகவே எரிபொருளின் விலையையும் ஊரின் குளிரையும் பார்த்து ஓரிடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது அமெரிக்க மக்கள் இந்தக் கணக்கை அவசரமாகக் கற்றார்கள். 1979-ல் அந்நாட்டின் கூட்டரசு வணிக ஆணையம், காப்புப் பொருளை விற்போர் ஆர்-மதிப்பைத் தெரிவிக்க வேண்டும் என விதி வகுத்தது.

ஆனால் அந்த எண், பொருளுக்குள் வேறு என்ன இருக்கிறது என்று சொல்லாது. இரண்டாவது கேள்வியின் கதை மான்டானா மாநிலத்தின் லிபி என்ற சிற்றூரில் நடந்தது.

லிபியை அடுத்த மலையில் வெர்மிகுலைட் என்ற கனிமம் கிடைத்தது. அப்பிரகம் போல் அடுக்கடுக்கானது. அடுக்குகளுக்கிடையே நீர் உண்டு. சூடாக்கினால் நீர் ஆவியாகி அடுக்குகளைத் தள்ள, கனிமம் பன்மடங்கு உப்பும். நெல் பொரிவதை நினைத்துக்கொள்ளுங்கள்! இதன் பயனை எட்வர்ட் ஆலி என்பவர் 1919-ல் உணர்ந்தார். இந்தப் 'பொரி' எடை குறைந்தது, தீப்பற்றாது. மூட்டையைப் பிரித்து வீட்டுக்காரரே பரணில் கொட்டிவிடலாம். 'ஸோனோலைட்' என்ற பெயரில் நாடெங்கும் விற்பனையாயிற்று. 1919 முதல் 1990 வரை அமெரிக்காவில் விற்ற வெர்மிகுலைட்டில் 70 விழுக்காட்டுக்கு மேல் லிபியினுடையது.

வெர்மிகுலைட் தீங்கற்றது. ஆனால் லிபியில் அதே பாறையில் கல்நாரும் கலந்திருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் என்று நாம் அறிந்த அதே கல்நார். அதிலும் ஊசி போன்ற இழைகளுள்ள கொடிய வகை. மூச்சோடு போகும் இழைகள் நுரையீரலில் தங்கிவிடும். நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகலாம். தொழிலாளர் உடையில் ஒட்டிய தூசு மனைவி மக்களையும் தாக்கிற்று. ஊர்ப் பிள்ளைகள் அந்தக் குவியலில் ஏறிக் குதித்து விளையாடினார்கள்.

1956-லேயே மான்டானா சுகாதாரத் துறை ஆய்வாளர் அத்தூசின் நச்சுத்தன்மையை எழுதி வைத்தார். அறிக்கை கோப்பில் இருந்தது, சுரங்கமும் நடந்தது. 1963-ல் அதனை வாங்கிய டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனம் 1990-ல்தான் மூடியது. 1999-ல் சியாட்டில் நாளிதழ் ஒன்று செய்தியை வெளியிட்ட பிறகே நாடு விழித்தது. நிறுவனமும் அதன் அதிகாரிகள் சிலரும் குற்றவியல் வழக்கைச் சந்தித்தனர், 2009-ல் விடுவிக்கப்பட்டனர். அதே ஆண்டு லிபியில் பொதுச் சுகாதார நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் அதற்குள் மாண்டிருந்தனர்.

சுரங்கம் மூடினாலும் பழைய பரண்களில் கொட்டியது அங்கேயேதான் கிடக்கிறது. சாம்பல், பழுப்பு, தங்க நிறங்களில் சிறு கூழாங்கல் போல் இருக்கும். அதைச் சோதித்துப் பார்க்காமலே கல்நார் கலந்ததாகக் கருதும்படி அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. கிளறாவிட்டால் இழைகள் பறப்பதில்லை. எனவே அந்தப் பரணில் சாமான்கள் வைப்பதில்லை. குழந்தைகளை ஏற விடுவதில்லை. அகற்றுவதானால் பயிற்சி பெற்றவர்களே அகற்ற வேண்டும். எத்தனை அங்குலம் இருக்கிறது என்று பார்க்க அதற்குள் அளவுகோலைக் கூட நுழைக்கக் கூடாது.