டிசம்பர் 25-க்குத் தாய்ப்பத்திரம் உண்டா?

டிசம்பர் முதல் வாரம் தங்கை மகன் வீட்டிலிருந்து போன் வந்தது. பேசியது அவனுடைய மகள். எட்டு வயது. "தாத்தா, இந்த வருஷம் எங்க வீட்டுல குடில் கிடையாதாம். மரமும் கிடையாதாம். அப்பா சொல்லிட்டாங்க" என்றாள். குரல் கம்மியிருந்தது. போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"மாமா, கிறிஸ்மஸே நம்ம பண்டிகை இல்லை. டிசம்பர் 25 ரோமாபுரியில சூரிய தேவனோட பிறந்தநாள். மரம் நிம்ரோதுக்கு வச்சது. எல்லாமே வேதத்துக்கு விரோதம். வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன், படிச்சுப் பாருங்க" என்றான்.

படித்தேன். பத்திரப்பதிவு அலுவலகத்தில் 34 வருடம் வேலை பார்த்தவன் நான். 'இந்த இடம் அவனுடையது இல்லை' என்று யாராவது வந்து நின்றால், 'தாய்ப்பத்திரம் எங்கே, காட்டு' என்று கேட்டே பழகியவன். அதே கேள்வியை இந்தப் பண்டிகையிடமும் கேட்டுப் பார்ப்போம் என்று புத்தகங்களை எடுத்து உட்கார்ந்தேன். நண்பர்களுக்கும் பயன்படும் என்று தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தேதி. இயேசு பிறந்த தேதி வேதத்தில் இல்லை, மாதமும் இல்லை. மருமகன் சொன்னதில் அது சரிதான். முதல் 300 வருடங்களில் பிறப்புப் பண்டிகை பெரிதாக இருந்ததாகவும் தெரியவில்லை. கி.பி. 200-ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த கிளமெந்து, பிறந்த நாள் என்று சிலர் சொல்லும் தேதிகளைக் குறித்து வைத்திருக்கிறார். அதில் ஒன்று நம் கணக்குக்கு மே 20. டிசம்பர் 25 அவர் சொன்னவற்றில் இல்லை. அவருக்குப் பின் வந்த ஒரிகேன் இன்னும் கண்டிப்பானவர். வேதத்தில் பிறந்தநாள் கொண்டாடியவர்கள் பார்வோனும் ஏரோதும் போன்ற பாவிகள்தான் என்று எழுதினார்.

டிசம்பர் 25 முதன்முதலில் எழுத்தில் கிடைப்பது கி.பி. 354-ல் ரோமாபுரியில் ஒருவருக்காகத் தயாரான பஞ்சாங்கம் போன்ற ஒரு தொகுப்பில். அதில் அரசு விழாக்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. அங்கே டிசம்பர் 25-க்கு நேரே 'வெல்லப்படாதவரின் பிறந்தநாள், 30 தேர்ப்பந்தயங்கள்' என்று குறிப்பு. வெல்லப்படாதவர் என்பது சூரிய தேவனையே குறிக்கும் என்பது பெரும்பாலானோர் கருத்து. அதே தொகுப்பில் கிறிஸ்தவ இரத்தசாட்சிகளின் பட்டியலும் இருக்கிறது. அங்கே அதே டிசம்பர் 25-ல் 'யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார்' என்று இருக்கிறது. இந்தப் பட்டியல் 336-ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்டது என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிடுகிறார்கள்.

இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சூரியன் பிறந்தநாளுக்கும் கிறிஸ்து பிறந்தநாளுக்கும் இந்தத் தேதியில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்து ஒரே புத்தகத்தில் இருக்கிறது! ஔரேலியன் என்ற பேரரசர் 274-ல் சூரியனுக்குப் பெரிய கோயில் கட்டியது உண்மை. ஆனால் அது டிசம்பர் 25-ல் நடந்தது என்று சொல்லும் அந்தக் காலத்து ஆவணம் இல்லை. ஒரே சர்வே நம்பருக்கு இரண்டு பேர் பட்டாவோடு வந்து நிற்கிற மாதிரிதான். யார் முந்தியவர் என்று கையெழுத்துப் போட எந்தச் சார்பதிவாளருக்கும் துணிவு வராது.

கிறிஸ்தவர்கள் பக்கம் தனியாக ஒரு கணக்கும் இருந்தது. இயேசு சிலுவையில் மரித்தது மார்ச் 25 என்று 200-ஐ ஒட்டியே தெர்த்துல்லியன் எழுதியிருக்கிறார். மரித்த அதே தேதியில்தான் தாயின் வயிற்றில் கருவானார் என்று பலர் நம்பினார்கள். மார்ச் 25-லிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. கிழக்கே சிலர் ஏப்ரல் 6 என்று வைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து ஒன்பது மாதம் ஜனவரி 6. ஆர்மீனியத் திருச்சபை இன்றைக்கும் ஜனவரி 6-ல்தான் பிறப்பைக் கொண்டாடுகிறது. சூரியனிடமிருந்து எடுத்ததுதான் முழுக் காரணம் என்றால் இந்த ஜனவரி 6 எங்கிருந்து வந்தது? ஆனால் இந்தக் கணக்கை அகுஸ்தீன் போன்றவர்கள் விளக்கமாக எழுதி வைத்தது பண்டிகை வழக்கத்துக்கு வந்த பிறகு. அதனால் இதையும் முடிந்த வழக்கு என்று சொல்ல மாட்டேன்.

இரண்டும் கலந்து கிடந்ததற்குச் சாட்சி உண்டு. 450-ஐ ஒட்டி ரோமாபுரியில் போப் லியோ ஒரு கிறிஸ்மஸ் பிரசங்கத்தில் சபையாரைக் கண்டித்தார். புனித பேதுரு ஆலயத்துப் படிகளில் ஏறி வருகிறவர்கள், உள்ளே போகுமுன் திரும்பி நின்று உதயசூரியனுக்குத் தலைவணங்குகிறார்களாம். தாத்தா காலத்துப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுமா? ஆனால் லியோ செய்ததைக் கவனியுங்கள். படியில் நின்று கும்பிடுவதைத்தான் கண்டித்தார், பண்டிகையை நிறுத்தவில்லை.

அடுத்து நிம்ரோது. ஆதியாகமம் 10-ஆம் அதிகாரத்தில் அவன் பலத்த வேட்டைக்காரன் என்று வருகிறது. பிறந்தநாளும் இல்லை, மரமும் இல்லை. அவனைக் கிறிஸ்மஸ் மரத்தோடு சேர்த்துக் கட்டியவர் ஸ்காட்லாந்து போதகர் அலெக்சாண்டர் ஹிஸ்லாப். 1850-களில் 'இரண்டு பாபிலோன்கள்' என்று ஒரு புத்தகம் எழுதினார். மருமகன் அனுப்பிய செய்தியில் பாதி அந்தப் புத்தகத்துச் சரக்கு. பெயரும் ஓசையும் ஒத்துப் போனால் போதும், இரண்டும் ஒன்று என்று எழுதிவிடுவார் மனிதர்.

எரேமியா 10-ஆம் அதிகாரத்தையும் காட்டியிருந்தான். காட்டில் மரம் வெட்டி, தச்சன் கையால் செய்து, வெள்ளியும் பொன்னும் பூசுவதைப் பற்றி அங்கே இருக்கிறது. நிறுத்தாமல் மேலே படித்தால் அது விக்கிரகம் செய்கிற வேலை என்று தெரியும். கிறிஸ்மஸ் மரம் அதற்கு 2,000 வருடத்துக்கும் பிந்திய சமாசாரம். 1605-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தைப் பற்றிய குறிப்பில், வீட்டுக் கூடங்களில் ஊசியிலை மரம் நிறுத்தி, காகித ரோஜாவும் ஆப்பிளும் மிட்டாயும் தொங்கவிட்டார்கள் என்று இருக்கிறது. ஆப்பிளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். ஜெர்மானிய ஊர்களில் டிசம்பர் 24 ஆதாம் ஏவாள் நாள். ஏதேன் தோட்டத்து நாடகத்தில் ஆப்பிள் தொங்கும் மரம் ஒன்று நிற்கும். அதுவே வீட்டுக்குள் வந்தது என்பார்கள். 1848-ல் விக்டோரியா ராணி குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்த பிறகு ஆங்கிலேயர் வீடுகளில் வேகமாகப் பரவியது. ஊசியிலை மரம் கிடைக்காத நாம் சவுக்குக் கிளையை வெட்டி வாளியில் மணலோடு நட்டோம். அதில் நிம்ரோதை யாரும் கண்டதில்லை.

குடிலுக்குப் பத்திரம் இன்னும் தெளிவு. 1223-ஆம் ஆண்டு, இத்தாலியில் கிரெச்சோ என்ற மலையூர். அசிசி பிரான்சிஸ் ஒரு தீவனத்தொட்டியில் வைக்கோல் நிரப்பச் சொன்னார். நிஜ மாடும் நிஜ கழுதையும் கட்டச் சொன்னார். ஊர் ஜனங்கள் தீப்பந்தத்தோடு ராத்திரியில் ஏறி வந்தார்கள். குழந்தை எவ்வளவு இல்லாமையில் கிடந்தது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. இன்னொன்று: பிறப்பைச் சொல்லும் சுவிசேஷங்களில் மாடும் கழுதையும் கிடையாது. மாடு தன் எஜமானையும் கழுதை தன் எஜமானின் முன்னணையையும் அறியும் என்று ஏசாயா முதல் அதிகாரத்தில் வருகிறதே, அங்கிருந்து வந்து நிற்கின்றன.

கடைசியாக, மருமகனுடைய தடை உத்தரவும் புதிது இல்லை. 1647-ல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கிறிஸ்மஸையே ரத்து செய்தது. அந்த வருடம் டிசம்பர் 25-ல் கடை திறக்கச் சொன்னதற்குக் கேன்டர்பரியில் கலவரம் நடந்தது. கடல் தாண்டி மாசசூசெட்ஸில் 1659-ல் கொண்டாடியவருக்கு 5 ஷில்லிங் அபராதம். 1681-ல் அந்தச் சட்டம் போனது. ஆறு வருடம் கழித்து, இது ரோமாபுரியின் சதுர்நாலியா விழாவிலிருந்து வந்தது என்று அங்கே இன்க்ரீஸ் மாதர் என்ற போதகர் எழுதினார். அதைத்தான் இன்றைக்கு வாட்ஸ்அப்பில் புதுக் கண்டுபிடிப்பாக அனுப்புகிறார்கள். கிறிஸ்மஸை எதிர்ப்பதும் கிறிஸ்தவர்களின் பழைய பாரம்பரியம்தான்!

ராத்திரி போன் போட்டேன். "மாப்ளே, உன் மனசாட்சிக்கு ஒப்பாவிட்டால் மரம் வைக்காதே, அது உன் இஷ்டம். வேதம் வைக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் பிள்ளையிடம் பாவம் என்று சொல்லாதே. நான் பார்த்த பத்திரம் எதிலும் அப்படி இல்லை. உன் அம்மா உனக்குக் கட்டிக் கொடுத்த குடில் அது" என்றேன். கிரெச்சோ கதையையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "குடில் மட்டும் வைக்கிறோம் மாமா. மரம் வேண்டாம்" என்றான். நான் வற்புறுத்தவில்லை.

மறுநாள் காலை பேத்தியே கூப்பிட்டாள். மாட்டுப் பொம்மைக்கு ஒரு கொம்பு உடைந்து போயிற்றாம், என்ன செய்வது என்று கேட்டாள். கொம்பு உடைந்தாலும் அதற்குத் தன் எஜமானைத் தெரியும், முன்வரிசையில் வை என்றேன்.